இடக்கண் மாதா

ஆகஸ்ட் 23, சனி

கரைசேர்த்த மாதாவின் இடது கண் இன்று காலை கழன்று விழுந்துவிட்டது. விழுந்த இடம் கோயில்பிள்ளை மிக்கேலின் காப்பி டம்ளர். திருவிழாவுக்காகச் சுரூபத்துக்கு வர்ணம் பூச வந்தவர் பழைய பூச்சைச் சுரண்டியிருக்கிறார். கண்ணாடிக் கண் பெயர்ந்து, மாதாவின் கன்னத்தில் உருண்டு, நேராகச் சூடான காப்பிக்குள் போய் இரண்டாகப் பிளந்துவிட்டதாம். மிக்கேல் அதுவரை பாதிதான் குடித்திருந்தார். மாதாவின் கண் ஊறிய காப்பியைச் சாக்கடையில் கொட்டலாமா என்று யோசித்து, கண்ணை எடுத்துவிட்டு மீதியையும் குடித்துவிட்டார்.

பிலோமினா அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கண் வந்தாக வேண்டும், சனிக்கிழமை கொடியேற்றம் என்று உத்தரவு போட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் கண்ணாடிக்காரி. புதுச்சேரியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு கேஸ் டார்ச், ஒரு மின்சூளை. கண்ணாடிக் கம்பியை நெருப்பில் உருக்கி மணி, பதக்கம், விளக்கு மூடி எல்லாம் செய்வேன். கண் செய்ததில்லை. கோயிலுக்குப் போயும் பல வருடமாகிறது. அக்கா ஒரு நாள் பூசைகூட விட்டதில்லை என்பதால் குடும்பத்தின் சராசரி மோசமில்லை.

குடும்பம் என்றால் நாங்கள் இருவர்தான். மாமா இறந்த பிறகு அக்கா வெள்ளித்திட்டில், கோயிலுக்கு எதிர்வீட்டில், தையல் மெஷினோடு தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போவது மீன் குழம்புக்காக மட்டுமே.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாயங்காலம் வெள்ளித்திட்டு. ஏணியில் ஏறினால் மாதாவும் நானும் மூக்குக்கு மூக்கு. ஒரு கண் இல்லாமல் பார்க்க, மீன் விற்கிற பெண் பேரம் பேசும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாளே, அப்படி இருந்தாள். அக்காவிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

மிச்சமிருக்கும் வலது கண் பழைய ஐரோப்பியச் சரக்கு. வெள்ளைக் கண்ணாடிமேல் நீல வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கண்ணாடிக் குமிழ். எந்த நீலம் என்பதுதான் கேள்வி. ஒரு டப்பா நிறைய நீலத் துண்டுகள் நறுக்கிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக அந்தக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். மாடத்தில் ஒரே ஒரு டியூப்லைட். அதன்மேல் உபயம் கொடுத்த குடும்பத்தின் பெயரைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், பாதி வெளிச்சத்தை அந்தப் பெயரே குடித்துவிடுகிறது. கடைசியில் ஒரு துண்டு அச்சு அசலாகப் பொருந்தியது. எந்தக் கம்பியில் நறுக்கியது என்று நினைவில்லை. கொட்டகையில் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்கா ஏணியை ஒரு கையால்தான் பிடித்தாள். இடது கை முந்தானையை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்தபடியே இருந்தது. ஏணி ஆடுகிறது, இரண்டு கையாலும் பிடி என்று கத்தினேன். சுளுக்கு என்றாள். நாள் முழுக்க மெஷினில் குனிந்திருந்தால் சுளுக்காமல் என்ன செய்யும்.

ஆகஸ்ட் 27, புதன்

பகலெல்லாம் சென்னைக் கடைக்கான மணிகள். வெள்ளி கலந்த கம்பி, சரியான ரௌடி. முதல் சூட்டில் கழுநீர் மாதிரி இருக்கும். நெருப்பிலிருந்து எடுத்துச் சற்று ஆறவிட்டு மறுபடி காட்டினால் ஊதாவும் பச்சையுமாகத் துளிர்க்கும். அந்த நிமிடம் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் அழகாகட்டும் என்று ஆசைப்பட்டால் சேற்று நிறம்தான். இன்று ஆறு மணிகள் சேறாகிவிட்டன.

பொழுது சாய்ந்த பிறகு கண்ணுக்கு உட்கார்ந்தேன். டியூப்லைட்டில் துண்டை வைத்து அதே நீலக் கம்பியைத் தேடி எடுத்தாயிற்று. முதல் கண் முட்டைபோல் நீண்டது. இரண்டாவதற்குப் பொட்டு ஓரமாகப் போய், மாதா பக்கத்து மாடத்து அந்தோணியாரைக் கடைக்கண்ணால் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மூன்றாவது நன்றாக வந்தது. சூளையில் போட்டுவிட்டேன். விடியும்வரை மெல்ல மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மிக்கேலின் டம்ளர் கதைதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலையில் கண்ணைப் பொருத்தினேன். தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி ஒட்டியது. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் இரட்டைப் பிள்ளைகள். பங்குச்சாமியார் தொபியாஸ் கையெடுத்துக் கும்பிட்டார், மாதாவையா என்னையா என்று தெரியவில்லை. சின்ன வயதுக்காரர், தத்துவம் படித்தவர், புல்லட் ஓட்டுகிறவர்.

அக்கா நெடுநேரம் மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள். இந்த வயதில் கன்னத்தைத் தட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். வரவில்லை. கவனிக்க: மெலிந்திருக்கிறாள். குழம்பும் இல்லை, வாங்கிவைத்த மீன் பிரிட்ஜில் அப்படியே கிடந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மணி வேலை பாக்கி இருந்ததால் வெள்ளித்திட்டுக்குப் போகவில்லை. இரவு ஜெபமாலை முடிந்ததும் அக்கா போன் செய்து அழுதாள். ஜெபமாலை நடுவில் கரண்ட் போனதாம், மெழுகுவர்த்தி ஏற்றினார்களாம், அப்புறம் அழுகை. கரண்ட் போனதற்கெல்லாம் அழுதால் இந்த ஊரில் வாழ முடியுமா.

செப்டம்பர் 1, திங்கள்

காலைப் பூசை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக மாதாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வலது கண் நீலம். இடது கண், நான் செய்த கண், கத்திரிப்பூ நிறம்.

என் சரக்கு எனக்குத் தெரியாதா.

நிறமாறிக் கம்பி என்று ஒன்று உண்டு. அதில் கலந்திருக்கும் ஒரு உலோகம் செய்யும் வேலை அது. டியூப்லைட்டில் பார்த்தால் நீலம். வெயிலிலும் மெழுகுவர்த்தியிலும் பார்த்தால் ஊதா. அதில் செய்த பதக்கத்தைக் கடையில் வைத்து விளக்கை மாற்றிக் காட்டினால் வாங்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். என்னிடம் தொழில் பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே, எந்தக் கம்பியையும் ஜன்னலில் காட்டிப் பார்க்காமல் நெருப்பில் வைக்காதே என்பதுதான். நானோ டியூப்லைட்டில் பொருத்தம் பார்த்து, டியூப்லைட்டில் செய்து, டியூப்லைட்டில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சனியும் ஞாயிறும் காலையில் மழை மூட்டம், டியூப்லைட் வெளிச்சத்தில்தான் பூசை. நேற்றிரவு கரண்ட் போய் மெழுகுவர்த்தி ஏற்றியதும் மாதாவின் ஒரு கண் மட்டும் சிவந்து ஊதாவாகியிருக்கிறது. கரண்ட் வந்ததும் பழையபடி நீலம். ஊரே முழந்தாளிட்டுவிட்டது. வலது கண் நீதியைப் பார்க்கிறது, இடது கண் நமக்காக அழுகிறது என்று ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அதற்குள் பொழிப்புரையே எழுதிவிட்டார். வாசலில் பூக்கடை முளைத்திருக்கிறது. பெயரும் வைத்தாயிற்று, இடக்கண் மாதா.

மிக்கேலைப் பார்த்தேன். அந்தக் காப்பியைக் குடித்தவர் என்பதால் அவர் கையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அவரும் தடுக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால், சொல்லாவிட்டால் பூ விற்கிறவர்களுக்கு நல்லது. திருவிழா முடிந்ததும் நைசாக மாற்றிவிடலாம்.

செப்டம்பர் 3, புதன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா வரச் சொன்னாள். போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு குழம்பு வைத்திருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே, தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தபடி சொன்னாள்.

"ஜெசி, உனக்குச் சொல்லாம இருந்துட்டேன். இடது மார்ல கட்டி. ஊசி வச்சி எடுத்துப் பாத்தாங்க. கெட்ட கட்டிதான். பன்னெண்டாந்தேதி அறுக்கறதா இருந்துச்சு. இனி வேணாம். வரலன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்டேன்.

"இடது பக்கம்டி. அவ கண்ணும் இடது. என்னுத அவ எடுத்துக்கிட்டா."

மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அக்கா ஒரு கவளம் வெறுஞ்சோற்றை உருட்டி என் வாயில் போட்டு முள்ளை இறக்கினாள்.

சுளுக்கு என்றாளே அந்தக் கை. எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் தொபியாஸ் சாமியாரைச் சக்கிரீஸ்து அறையில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசை உடையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "இத பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கக் கூடாதாம்மா? வெளிய சொல்லக் கூடாதுன்னு நானும் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார். புதுமை, அற்புதம் என்று யாரும் சொல்ல வேண்டாம் என இரண்டு நாளாகப் பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாராம். சாமியாருக்கு என்ன அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் இன்னும் கூடிவிட்டதாம். ஜன்னலுக்குத் திரை போட்டுப் பார்த்தார், மாதா முகத்தை மறைக்கிறார் என்று மனு எழுதிவிட்டார்கள்.

அடுத்து அக்கா. கம்பியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவள் வீட்டு டியூப்லைட்டைப் போட்டுக் காட்டினேன், நீலம். வாசலுக்கு இழுத்துப்போய் வெயிலில் காட்டினேன், ஊதா. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. வெளிச்சம் என்றால் என்ன, உலோகம் என்ன செய்கிறது, எந்தத் தேதியில் எந்தக் கம்பியை எடுத்தேன் என்று வகுப்பே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டாள். கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்குடி" என்றாள்.

நான் தவறுதலாக எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் விஷயம் என்று கத்தினேன்.

"உன் டப்பால எத்தன நீலம் இருக்கு? இத எதுக்கு எடுத்த? கை உன்னுது. எடுக்க வச்சது யாரு?"

நான் கோபத்தில், உனக்கு மூளை இருக்கிறதா, படிக்காத பெண்கள்கூட இப்படிப் பேச மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் முட்டாள்களா என்றெல்லாம் கேட்டேன். நேற்று ஒரு டாக்டரிடம் கேட்டு வைத்த சதவீதக் கணக்கு, யாரோ ஒருத்தி தள்ளிப்போட்டுச் செத்த கதை, எல்லாம் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா? வேற ஒன்னும் சொல்றதுக்கில்லியா?" என்று கேட்டாள். வேறென்ன சொல்வது, இதற்குமேல் ஆதாரம் வேண்டுமா என்றேன். ஒன்றுமில்லை என்று மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். பஸ்ஸில்தான் தெரிந்தது, செருப்பை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் அக்காவே வந்தாள், பையில் என் செருப்போடு. கொட்டகைக்குள் அவள் வந்து வருடக்கணக்காகிறது. ஸ்டூலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க யோசித்தாளாம். மாதாவிடம் ஓர் ஒப்பந்தம் பேசியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம காலப் பூசைல வெயில் விழும்போது பாப்பேன். கண்ணு ஊதாவா மாறுனா நான் போவ மாட்டேன். நீலமாவே இருந்துச்சுன்னா பன்னெண்டாந்தேதி போறேன். யாருகிட்டயும் சொல்லல, உன்கிட்ட மட்டுந்தான்."

எழுந்து போகும்போது, நாளை மத்தியானம் தேர் ஜோடிக்க எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், கோயிலைச் சாத்திவிடுவார்கள், நீ ஒன்றும் வந்து நிற்காதே, சாவி சாமியாரிடம் இருக்கும் என்றாள். நான் எதற்கு வந்து நிற்கப் போகிறேன். இந்தப் பெண்பிள்ளைக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவதே வழக்கம்.

அவள் தெருமுனை தாண்டியதும் டார்ச்சைப் பற்றவைத்தேன். மாதாவுக்கு வேலை வைத்திருக்கிறாள் அல்லவா, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இது மோசடிதான். கடவுள் இருந்தால் என்னிடம் பேசிக்கொள்ளட்டும்.

எல்லா நீலங்களையும் ஜன்னலில் காட்டி, டியூப்லைட்டில் காட்டி, மெழுகுவர்த்தியில் காட்டி, எங்கும் மாறாத ஒன்றை எடுத்தேன். பொட்டு வைக்கும்போது நெருப்பில் கை ஆட்டம் கண்டால் கண் வழிந்துவிடும். முதல் கண் வழிந்தது. இரண்டாவதைச் சூளைக்குக் கொண்டுபோகும் வழியில் டிக் என்று ஒரு சத்தம், குறுக்கே விரிசல். கொட்டகையில் இருந்த சகல கெட்ட வார்த்தைகளும் தீர்ந்த பிறகு மூன்றாவது ஒழுங்காக உட்கார்ந்தது. சூளைக் கதவைச் சாத்தினேன். இன்று மட்டும் கரண்ட் போகக் கூடாது. போனால் சூடு சடசடவென்று இறங்கும், கண் வெடிக்கும்.

மின்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து இன்று எங்கள் பக்கம் ஏதும் வேலை இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். வீட்டில் பிரசவம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

கண் உயிரோடு வெளியே வந்தது.

மத்தியானம் சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைக் கேட்டதும், எனக்கு எதுவும் தெரியாது, நான் எதையும் பார்க்கவில்லை, பொய் சொல்ல என்னால் முடியாது என்றார். சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார். கோயிலுக்குள் போனதும் ஏணியையும் அவரே தூக்கிவந்தார். ஏணியைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டார், பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டுமல்லவா.

மாதாவின் கண்ணைத் தோண்டுவது கஷ்டமான காரியம். மெழுகைச் சூடான கத்தியால் இளக்கும்போது "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று என் வாயில் வந்துவிட்டது. கீழிருந்து சாமியார் என்ன என்றார். உங்களைச் சொன்னேன் என்றேன். பழைய கண் வந்தது, புதியது போனது. மெழுகு இறுகும்வரை விரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் அந்த முகத்துக்கு எதிரில் நின்றால் பேச்சு வராமல் இருக்குமா. என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாதாவுக்குச் சேலை மாற்றுவது அக்காவின் வேலை. பதினாலு வருடமாக அவள்தான். எந்த நிமிடம் வந்து நிற்பாளோ என்று எனக்கு உயிரே இல்லை. வரவில்லை. தலைவலி, சேலையை மாலையில் மாற்றிக்கொள்கிறேன் என்று மிக்கேலிடம் சொல்லி அனுப்பியிருந்தாளாம். நம் அதிர்ஷ்டம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். முழுப் பூசை. எப்போது எழுந்திருப்பது எப்போது முழந்தாளிடுவது என்று மறந்துபோய் அக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒருமுறை அவள் சேலை சரிசெய்ய எழுந்தாள், நானும் எழுந்துவிட்டேன்.

வெயில் ஜன்னலைத் தாண்டி, தூணைத் தாண்டி, மாதாவின் தோளில் ஏறியது. கூட்டம் மொத்தமும் மூச்சை அடக்கியது. கன்னத்துக்கு வந்தது. கண்ணுக்கு வந்தது.

நீலம். இரண்டும் நீலம்.

பின்னாலிருந்து ஒரு கிழவி மாதா கோபமாகிவிட்டாள் என்று விசும்பினாள். உபதேசியார் எழுந்து நின்று, அழுது முடித்துவிட்டாள், இனி நமக்கு நல்லகாலம் என்றார். அதையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பூக்கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சாமியார் மட்டும் பிரசங்கத்தை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு உள்ளே ஓடினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மாதாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்த மாதிரி இருந்தது. "சரி, போலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

தேர் ஓடியது. மழை பெய்தது. ஆப்பரேஷனுக்கு அதே தேதியே இன்னும் காலியாக இருக்கிறதாம், டாக்டர் திட்டினார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை. ஆப்பரேஷன் தியேட்டர் வாசல். பச்சை உடுப்பில் அக்கா சின்னப் பெண் மாதிரி இருந்தாள். தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, ஜெபமாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் வழியெல்லாம் உளறிக்கொண்டே வந்தேன். கேன்டீன் இட்லி, லிப்டில் பார்த்த பல்லி, எதையெதையோ. கதவருகே அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெழுகு புதுசா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"சனிக்கெழம சாயங்காலம் சேல கட்டும்போது தொட்டுப் பாத்தேன். விரல்ல ஒட்டுச்சு."

தெரிந்தும் எதற்கு வந்தாய் என்று கேட்டேன்.

"நான் மாதாகிட்ட ஒன்னும் கேக்கலடி. உன்கிட்டதான் கேட்டேன். நான் இருக்கணும்னு யாருக்காச்சும் வேணுமான்னு தெரியணும் இல்ல? நீ கம்பியக் காட்டி வெளிச்சத்தப் பத்தியே பேசுன."

நர்ஸ் கட்டிலைத் தள்ளிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. நான் ஜெபமாலையோடு வராந்தாவில் நின்றேன். துப்புரவு செய்கிற அம்மா துடைப்பத்தோடு வந்து, ஓரமாக நின்று அழும்மா, தரை ஈரம் என்றாள். ஓரமாகப் போய் அழுதேன்.

மத்தியானம்வரை அந்த மணிகளை உருட்டினேன். பத்துக்குப் பிறகு என்ன வரும் என்பது மறந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. மொத்தத்தில் என்ன ஜெபம் சொன்னேன் என்று மாதாவுக்கே தெரிந்திருக்காது.

அதே நாள், மாலை

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். அக்குளிலும் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். அது எப்படி என்று பார்க்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், முடி கொட்டும் என்று டாக்டர் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வார்டுக்குக் கொண்டுவந்தபோது அக்காவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

சொல்ல வேண்டியதை வராந்தாவிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நீளமாக, நாகரிகமாக, நடுவில் ஒரு கிண்டலோடு. ஒன்றும் வரவில்லை.

"நீ வேணும்க்கா" என்றேன்.

"என்னாது?"

"நீ வேணும். எனக்கு நீ வேணும்."

பக்கத்துக் கட்டில் பெண், அவளைப் பார்க்க வந்த கூட்டம், ஊசியோடு நின்ற நர்ஸ், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. இருக்கேன்" என்றாள்.